கத்தரிக்காய்க்கு ஒரு கட்டம்

பெப்ரவரி 9, திங்கட்கிழமை.
இன்றைய சிறு பிழை: கேட்டதற்கு மேலாகப் பதில் சொன்னேன். கசாயத்தைப் பற்றிச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். கத்தரிக்காயைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

துவாரகா இதை முதலில் தமிழிலும் பிறகு டேனிஷிலும் எழுதினாள். ஒடென்சேயில் அவள் போகும் மாலை வகுப்பின் ஆசிரியை இங்கர், மாணவர்கள் எல்லோரையும் நாட்குறிப்பு எழுத வைத்திருந்தார். தேதிக்குக் கீழே அன்றைக்குச் செய்த ஒரு சிறு பிழை, கடைசியில் மறுநாள் செய்யவேண்டிய ஒரு வேலை. பிழையை ஒப்புக்கொள்கிறவர்களுக்கு இறந்தகாலம் தானாக வந்துவிடும் என்பது இங்கரின் நம்பிக்கை. மற்றவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டதையும் பாலைப் பொங்கவிட்டதையும் எழுதிவந்து சிரித்தார்கள். துவாரகாவுக்கோ, ஒரு நாளில் செய்த பிழைகளில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதே பெரும்பாடு. ஆனால் அந்தத் திங்கட்கிழமை அவள் யோசிக்கவேயில்லை. கத்தரிக்காய் முன்னுக்கு வந்து நின்றது.

அவள் நிதுஷனைத் திருமணம் செய்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இது இரண்டாவது குளிர்காலம். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு உதவியாளராகப் பழகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முதியவரையும் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவவேண்டும். தைமாதக் குளிரில் அந்தக் கைகள் வெடித்து, விரலிடுக்கில் இரத்தம் கசிந்தது. அதைக் கண்டு முதலில் துடித்தவர் மாமியார் கமலாதேவிதான். அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் தன் சிநேகிதி யசிந்தாவுக்கு உடனே போன் எடுத்தார். யசிந்தாவுக்கு ஒரு சீன வைத்தியரைத் தெரியும். அடுத்த வாரமே சீன எழுத்துப் போட்ட பொதி வந்து சேர்ந்தது. உள்ளே வேர், மரப்பட்டை, ஏதோ ஒன்றின் காய்ந்த தோல்.

சிறிது கிள்ளி வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கும்படி பொதியில் படம் போட்டிருந்தது. மாமி அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். கசாயம் என்றால் மூன்று பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றவேண்டும். சீனனுக்கு அது தெரியாமல் போனது சீனனுடைய குறை. விடியற்காலையில் முழுகிவிட்டு, மாமி அதை ஒரு பங்காக வற்றக் காய்ச்சினார். பத்தியமும் அவரே விதித்தார். கத்தரிக்காய், இறால், பூசணிக்காய் ஆகாது. அவை கிரந்திச் சாப்பாடுகள். உடம்புக்குள் கிடக்கும் கடியையும் அரிப்பையும் தடிப்பையும் கிளப்பிவிடும்.

கத்தரிக்காய் கிளப்ப வரும்வரைக்கும் தடிப்பு காத்திருக்கவில்லை. வியாழக்கிழமை முழங்கை மடிப்பில் தொடங்கி வெள்ளிக்கிழமை தோளுக்கு ஏறியது. துவாரகா இரவெல்லாம் சொறிந்தாள். மாமி கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

“பிள்ளை, இது கிரந்தி. உள்ளுக்கை கிடந்தது வெளியிலை வருது. மருந்து பிடிச்சிட்டுது. இனித்தான் விடாமல் குடிக்கவேணும்.”

சனிக்கிழமை, கூட வேலை செய்யும் ஷாமிலாவின் வீட்டுப் பிறந்தநாளில், துவாரகா பத்தியத்தை மறந்து ஒரு துண்டு கத்தரிக்காய்ப் பொரியல் சாப்பிட்டாள். மறந்தாள் என்றும் சொல்லமுடியாது. தட்டில் இருந்தது, எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை குடும்ப வைத்தியரிடம் போனாள். இளம் வைத்தியர் கையைப் பார்த்ததும் அந்தக் கசாயத்தை உடனே நிறுத்தச் சொன்னார். அதை ஒரு தாளில் எழுதித் தரமுடியுமா என்று அவள் கேட்டாள். எழுதுவது இப்போது தன் கையில் இல்லை என்றார் வைத்தியர். பிராந்தியத்தில் தோலில் வரும் எல்லா எதிர்விளைவுகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்துவிட்டார்களாம். அந்தக் கூரைக்குப் பெயர் தோல் எதிர்விளைவு ஒருங்கிணைப்பு நிலையம். அன்று பிற்பகலே ஓர் இடம் காலியாக இருந்தது. அதை அவள் அதிர்ஷ்டம் என்று நினைத்தாள்.

தாளில் ஏன் வேண்டும் என்றால், மாமிக்கு வாய்ச்சொல்லில் நம்பிக்கை இல்லை. ஊரில் வாயால் உறுதி சொன்னவர்கள் எல்லோரும் மறுநாள் வேறு சொன்னார்கள். இந்த நாட்டில் அவருக்குக் கிடைத்த நல்லது எல்லாம் கடிதத்தில் வந்தது. அகதி அனுமதி, வீடு, குடியுரிமை, எல்லாம் தலைப்பு அச்சிட்ட தாளில். வைத்தியர் சொன்னதைத் துவாரகா இடையில் போனில் சொன்னபோது அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

“அவன் சின்னப் பெடியன். கடிதத்திலை தரட்டும், பாப்பம்.”

ஆகவே துவாரகாவுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வசனம். இந்தக் கசாயத்தைக் குடிக்கவேண்டாம். மேலே தலைப்பு, கீழே கையொப்பம்.

நிலையத்தில் அவளைச் சந்தித்த லோனெ மிகவும் அன்பானவர். மேசையில் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்திருந்தார். துவாரகா சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். லோனெ முகத்தைத் திருப்பிக்கொண்டார். தான் தாதி அல்ல, ஒருங்கிணைப்பாளர் என்றார். கையைப் பார்த்தால் மதிப்பீட்டில் பக்கச்சார்பு வந்துவிடும்.

திரையில் கட்டங்கள் இருந்தன. உணவு, மருந்து, அழகுசாதனம், உலோகம், விலங்கு. துவாரகா பொதியை எடுத்து மேசையில் வைத்தாள். லோனெ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்தென்றால் பதிவிலக்கம் இருக்கும். இல்லை, ஆகவே மருந்தல்ல. பசித்தால் இதைச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்றாள், ஆகவே உணவல்ல. பூசவும் இல்லை, அணியவும் இல்லை, அதற்கு உயிரும் இல்லை.

“அப்படியென்றால் நீங்கள் இதைக் குடிக்கவில்லை,” என்றார் லோனெ மென்மையாக. “பதிவைப் பொறுத்தவரை. உங்களை நான் நம்பவில்லை என்று எண்ணவேண்டாம். முழுமையாக நம்புகிறேன். என் நம்பிக்கையை எழுதுவதற்குத்தான் இடமில்லை.”

பிறகு, உங்கள் சொந்த அபிப்பிராயத்தில் காரணம் என்ன என்று கேட்டார். அந்தக் கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படும். குடிமக்களின் குரலுக்கு மதிப்புக் கொடுப்பதற்காக. துவாரகா எதையும் ஒளிக்கக்கூடாது என்று வளர்ந்தவள். கசாயம்தான் என்றாள். ஆனால் பத்தியத்தில் இருந்தபோது ஒரு துண்டு கத்தரிக்காயும் சாப்பிட்டதாகச் சொன்னாள்.

லோனெயின் விரல்கள் விசைப்பலகையில் உயிர்பெற்றன. உணவு. காய்கறி. கத்தரிக்காய். கட்டத்துக்குள் கட்டமாகத் திறந்து, கத்தரிக்காயின் நிறத்தைக்கூடக் கேட்டது.

தடிப்பு வியாழனே வந்துவிட்டது, கத்தரிக்காய் சனிக்கிழமைதான் என்று துவாரகா திருத்த முயன்றாள். லோனெ ஒரு கணம் யோசித்து, வேறொரு கட்டத்தைத் தேடிப் பிடித்தார். “முன்கூட்டிய எதிர்விளைவு,” என்று தட்டினார். “இருக்கிறது பாருங்கள். எங்கள் திட்டம் மிகவும் விரிவானது.”

பதிவைப் பொறுத்தவரை அவள் கசாயம் குடிக்கவில்லை. அடுத்த நாள் காலையிலிருந்து துவாரகா அதை உண்மையாக்கினாள். மாமி கிளாஸை மேசையில் வைத்துவிட்டுச் சுவாமியறைக்குப் போனதும், சிங்க்குக்குள் ஊற்றித் தண்ணீர் விட்டுக் கழுவினாள். வெற்றுக் கிளாஸைக் கண்டு மாமி அவளுடைய தலையைத் தடவிவிட்டார். ஹோர்சன்ஸில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்யும் நிதுஷனிடம் மட்டும் சொன்னாள். அவன் டென்மார்க்கில் பிறந்தவன், எதற்கும் பதறாதவன்.

“ஸ்லப் ஆவ்,” என்றான். டேனிஷில், கொஞ்சம் ஆறுதலாய் இரு என்று அர்த்தம். “அம்மாட்டைச் சொல்லாதை. கவலைப்படுவா. கடிதம் வரட்டும், பிறகு அவவே விடுவா.”

கடிதம் வந்தது. டிஜிட்டல் போஸ்ட்டில், பிராந்தியத்தின் இலச்சினையோடு. நிதுஷன் சாப்பாட்டு மேசையில் அதைத் தமிழில் சொன்னான். அன்புள்ள துவாரகா, உங்கள் கத்தரிக்காய் எதிர்விளைவு குறித்து எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. செவ்வாய்க்கிழமை முதல் கத்தரிக்காயைத் தவிர்க்கவும். சட்டியில், தட்டில், இயலுமானால் பேச்சிலும்.

மாமி சோறு பிசைந்த கையை எடுத்துவிட்டார்.

“பாத்தியோ பிள்ளை. நான் சொல்லேக்கை ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப டென்மார்க்கே சொல்லுது.”

“அம்மா, டென்மார்க் இல்லை. ஒரு நிலையம்.”

“மேலை முத்திரை மாதிரி ஒண்டு இருக்கோ?”

“இருக்கு.”

“பிறகென்ன.”

அச்செடுக்கப்பட்ட கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டது. அதன் பக்கத்தில், அடுப்பில், கசாயம் வற்றிக்கொண்டிருந்தது.

ஊற்றத் தொடங்கியதிலிருந்து தடிப்பு இறங்கியது. முதலில் தோள், பிறகு முழங்கை. யார் கண்ணுக்கும் தெரியும்படி இறங்கியது. அதுதான் வில்லங்கம். மாமி தன் மருந்து வென்றதாகக் கண்டார். கோவிலில் நாலு பேருக்குச் சொன்னார். நிலையம் தன் கத்தரிக்காய்த் தடை வென்றதாகக் கண்டு ஒரு வாழ்த்து அனுப்பியது. என்ன நடந்தது என்று தெரிந்தது துவாரகாவுக்கும் சிங்க்குக்கும்தான்.

மார்ச் மாதம் பிறந்த அன்று காலை, மேசையில் இரண்டு கிளாஸ்கள் இருந்தன. ஒன்றை மாமி கையில் எடுத்து, மூக்கைச் சுளித்து, ஒரே மூச்சில் குடித்தார்.

“உனக்கு இவ்வளவு கெதியாய் மாறிச்சுது. எனக்கும் இந்த முழங்கால் நோவு மாறும்தானே.”

துவாரகா வாயைத் திறந்தாள். மருந்து வேண்டாம் மாமி, அது சரியில்லை என்றாள். மாமி குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார். கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. குடிக்க நேரமாகிறது என்று அவளுடைய கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார். சுவாமியறை மணி கேட்டதும் துவாரகா வழக்கம்போல் ஊற்றினாள். ஊற்றும்போது, இந்த ஊற்றல்தான் மாமியைக் குடிக்க வைத்தது என்ற எண்ணம் வந்தது. வேலைக்குப் போகும் பஸ்ஸில் நிலையத்துக்கு எழுதினாள். வீட்டில் இன்னொருவரும் அதையே குடிக்கிறார், தயவுசெய்து அந்தப் பொதியைச் சோதித்து ஒரு வசனம் எழுதித் தாருங்கள்.

பதிலாக யெஸ்பர் வந்தார். நிலையத்தின் வீட்டு உணவு ஆலோசகர். வாசலில் சப்பாத்தைக் கழற்றி நீல நிறக் காலுறையோடு அடுப்படிக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டைத் திறந்து தரச் சொன்னார். சட்டி வழியில் இருந்தது. கொதிக்கும் கசாயத்தை அவரே பிடிதுணியால் பிடித்து அப்பால் நகர்த்தி வைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டார். கத்தரிக்காய் இல்லை. திருப்தியோடு குறித்துக்கொண்டார். புடலங்காயைத் தூக்கிப் பார்த்து, இது கத்தரிக்காயின் உறவா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் மாமியிடம் இல்லை. அதுவும் கடிதம் அனுப்பிய இடத்திலிருந்து வந்தவர். அழகான கோப்பை ஒன்றில் கசாயம் ஊற்றி நீட்டினார். யெஸ்பர் முகர்ந்து பார்த்தார். கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார்.

“மன்னிக்கவேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததை நான் குடிப்பதில்லை.”

துவாரகாவுக்கு உயிர் வந்தது. அதைத்தான் எழுதித் தாருங்கள் என்றாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, குடிக்கவேண்டாம். மாமிக்குக் காட்டவேண்டும்.

யெஸ்பர் அவளைப் பரிவோடு பார்த்தார். “நான் குடிக்காதது என் தனிப்பட்ட முடிவு. நிலையம் அப்படி முடிவெடுக்கவேண்டுமென்றால் அந்தப் பொருளைச் சோதிக்கவேண்டும். சோதிக்கவேண்டுமென்றால் அது பதிவாகியிருக்கவேண்டும். பதிவாகவேண்டுமென்றால் அது என்னவென்று தெரியவேண்டும்.”

“அது என்னவென்று எப்படித் தெரியும்?”

“சோதித்தால் தெரியும்,” என்றார் யெஸ்பர். அதில் அவருக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

அவர் போனபின் மாமி கோப்பையைப் பார்த்தார். வீணாக்க மனமில்லாமல் தானே குடித்துவிட்டார்.

மார்ச் இரண்டாம் வாரம் புதன்கிழமை துவாரகாவை உரையாடல் கூட்டம் ஒன்றுக்கு அழைத்தார்கள். இம்முறை மாமியையும் கூட்டிப்போக அவள் கெஞ்சிப் பார்த்தாள். கடிதம் அனுப்பும் ஆட்களின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்று மாமி மறுத்துவிட்டார். நிலையத்தின் தலைவர் ஹென்ரிக் நேரில் வந்திருந்தார். லோனெ, யெஸ்பர், தொடர்பாடலுக்குப் பொறுப்பான ஒரு பெண், மேசை நடுவில் கறுவா மணக்கும் இனிப்புப் பணிசுகள். பணிசில் கத்தரிக்காய் இல்லை என்று ஒரு சிறு கொடி குத்தியிருந்தார்கள்.

ஹென்ரிக் எழுந்து நின்று பேசினார். இருந்துகொண்டே பேசலாம், அவர் எழுந்தார்.

“துவாரகா, உங்கள் கை எங்கள் எல்லோருக்கும் ஊக்கம் தந்திருக்கிறது. ஒரு குடிமகள் பிரச்சினையோடு வந்தார். நாங்கள் அவருக்குச் செவிகொடுத்தோம். அவர் சொன்னவற்றில் எங்களுக்கு விளங்கியதை எடுத்துக்கொண்டோம். இன்று அவர் நலம். மூலிகைகளைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதாக அறிந்தேன். அந்தக் கவலையைப் போக்க விரும்புகிறேன். இந்த நிலையம் திறந்த நாளிலிருந்து மூலிகை மருந்தால் ஒருவருக்கும் தோல் பாதிக்கப்படவில்லை. இது தற்செயல் அல்ல. அதற்குக் கட்டம் வைப்பதா என்று தொடக்கத்திலேயே விவாதித்தோம். கட்டம் வைத்தால் ஆட்கள் அதில் புள்ளடி போடத் தொடங்குவார்கள் என்று முன்னெச்சரிக்கையோடு தவிர்த்தோம்.”

மேசையைச் சுற்றி மெல்லிய கைதட்டல். துவாரகாவும் தட்டினாள். தட்டியபிறகு ஏன் தட்டினேன் என்று தன் கைகளைப் பார்த்தாள்.

கசாயத்தைத் தான் ஊற்றியதை அங்கே சொன்னாள். முதல் தடவையாக, வீட்டுக்கு வெளியே, தயங்கித் தயங்கி. தடிப்பு மாறியது கத்தரிக்காயை விட்டதால் அல்ல, கசாயத்தை விட்டதால். லோனெ அனுதாபத்தோடு தலையசைத்தார். நீங்கள் குடிக்காத ஒன்றை எப்படி விடமுடியும் என்று கேட்டார். தொடர்பாடல் பெண், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு புகைப்படம் எடுக்கலாமா என்று இடையில் புகுந்தார். அவளுடைய மாறிய கை, பக்கத்தில் ஒரு கத்தரிக்காய். துண்டுப்பிரசுரத்துக்கு. கத்தரிக்காய் தாங்களே கொண்டுவருவார்கள். அவள் தொடத் தேவையில்லை.

மறுநாள், வியாழக்கிழமை, வேலை முடிந்து வந்தபோது மாமி கண்ணாடிக்கு முன் நின்றார். சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினார். காதடியிலிருந்து தோள்வரை சிவப்புத் தடிப்பு. ஒரு கண்ணிமை சற்றுத் தடித்திருந்தது. மாமி சொறிந்துகொண்டே சந்தோஷப்பட்டார்.

“வெளிக்கிட்டிட்டுது பிள்ளை. உனக்கு வந்த மாதிரியே. இனி முழங்காலும் மாறும்.”

மூச்சுவிடக் கஷ்டமாக இருக்கிறதா, தொண்டை அடைக்கிறதா என்று துவாரகா கேட்டாள். ஒன்றுமில்லை, கடி மட்டும்தான். வைத்தியரிடம் போகலாம் என்றாள். நாளைக்குப் பார்ப்போம் என்றார் மாமி. நாளைக் காலைக் கசாயத்தைக் குடியாதேங்கோ மாமி என்றாள். மாமி சிரித்தார். பிடிக்கிற நேரத்திலையோ விடுறது?

மாலை வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் இருந்து லோனெயை அழைத்தாள். மாமிக்கும் வந்துவிட்டது என்றாள். லோனெ பதறினார். உண்மையாகவே பதறினார்; குரலில் தெரிந்தது.

“அவர் கத்தரிக்காய் சாப்பிட்டாரா?”

“இல்லை. பத்தியம். மருந்து குடிக்கத் தொடங்கியதிலிருந்து தொடவேயில்லை.”

லோனெ நிம்மதியாக மூச்சுவிட்டது கேட்டது. “அப்படியென்றால் அது எதிர்விளைவு அல்ல. அவரிடம் சொல்லுங்கள், கவலைப்பட ஒன்றுமில்லை. வேண்டுமானால் அதை நான் கடிதமாக அனுப்பிவிடுகிறேன்.”

வேண்டாம் என்று துவாரகா சொன்னாள். அவள் டேனிஷில் இவ்வளவு உரத்துப் பேசியதில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடிதம் அனுப்பவேண்டாம், தயவுசெய்து ஒரு கடிதமும் அனுப்பவேண்டாம். லோனெ, சேவையை மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்று சொல்லி, அதற்குரிய கட்டத்தில் புள்ளடி போட்டார்.

வகுப்பில் இங்கர் பக்கத்தில் வந்து நின்று, இன்றைக்கு என்ன பிழை என்று சிரித்தபடி கேட்டார். துவாரகா நாட்குறிப்பைத் திறந்தாள். மாமி இந்நேரம் இரவுச் சாப்பாட்டை முடித்துப் படுத்திருப்பார். விடியற்காலையில் எழுந்து முழுகிவிட்டு, வழக்கம்போல் சட்டியை எடுப்பார். ஊற்றியதைத் தலைவருக்கு முன்னால் சொன்னவள், லோனெக்கும் யெஸ்பருக்கும் கேட்கச் சொன்னவள், மாமியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மாமியின் கண் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். தலையைத் தடவிய அந்தக் கையும் என்ன செய்யும் என்று தெரியும். அவள் பேனாவை எடுத்தாள். முதலில் தமிழில் எழுதினாள்.

மார்ச் 12, வியாழக்கிழமை.
இன்றைய பிழை: நான் சொல்லவேண்டிய வசனத்தை லோனெயிடம் கேட்டேன். சிறு பிழை அல்ல.

நாளை செய்யவேண்டியது: மாமிக்கு முன் எழும்புவது. அவர் சட்டியை அடுப்பில் வைக்கமுதல், மாமி, நான் அதைக் குடிக்கவில்லை, சிங்க்குக்குள் ஊற்றினேன், அதனால்தான் மாறியது என்று சொல்வது. அவர் பேசாவிட்டாலும் பக்கத்தில் நிற்பது. எட்டு மணிக்கு வைத்தியரிடம் கூட்டிப்போவது. புகைப்படத்துக்குப் போவதில்லை.